திருச்சிக்கு இரண்டு மணி நேரம்

அந்தப் பதிலை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்...

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ். வெளியே விடாத மழை. எதிர் சீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இளைஞனிடம் அம்மாக்கண்ணு கேட்டாள்.

"தம்பி, பிளேன்ல போனா திருச்சிக்கு எம்புட்டு நேரங்க?"

அவன் நிமிர்ந்தான். மழையில் கழுவிய தேயிலைக் கொழுந்து மாதிரி பளபளக்கும் கண்கள்.

"கொழும்புல ஏறுனா ரெண்டு மணி நேரம் போதுங்கம்மா. முந்நூறு மைல்கூட வராது."

"பாத்தியாடி! பதுளைக்குப் போறதவிட வெரசா போயிரலாம்!"

மகள் நாகலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருச்சியில் இருக்கும் மாமன் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். தூரத்தைச் சொல்லித்தான் இதுவரை தட்டிக் கழித்துவந்தாள். அந்த ஒரே சாக்கையும் இவன் பிடுங்கிக்கொண்டானே!

"பிளேன் ஓட்டுறவரு பஸ்லயா போவாரு?" என்றாள் வெடுக்கென்று.

"இன்னைக்கு லீவுங்க" என்றான் அவன், முகம் மாறாமல்.

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். வழியில் நோர்வூட்டில் இறங்கும்போது அவன் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தான்...

அதன்பிறகு மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் கீழே ரோட்டில் போகும் பஸ்களின் மேலேயே அவள் கண் இருந்தது. கோபம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயர்கூடத் தெரியாதவன்மேல் இத்தனை நாள் நீடிக்கும் கோபமா?

அதற்குள் அம்மாக்கண்ணு திருச்சிச் சம்பந்தத்தை முடிவு செய்துவிட்டாள். கல்யாணச் சேலை எடுக்க ஹட்டன் துணிக்கடைக்குப் போனார்கள்.

"கணேசமூர்த்தி, பட்டு எடுத்துக் காட்டுப்பா" என்றார் முதலாளி.

திரும்பியவன்... அவன்!

"ரெண்டு மணி நேரம் பறந்தாலும் கசங்காத சேலையா காட்டுங்க" என்றாள் நாகலெட்சுமி.

அவன் சிரிக்கவில்லை. அம்மாக்கண்ணு பட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஒத்தப் புள்ள தம்பி. தீவாளிக்குத் தீவாளி வந்துட்டுப் போவா. அந்தத் தைரியத்துலதான் குடுக்குறேன்."

அவன் கை நின்றது. முதலாளியை ஒருமுறை பார்த்தான்.

"அம்மா... ஒங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருக்குங்களா?"

"தோட்டத்து ஆளுகளுக்கு யாரு குடுத்தா?"

"அப்ப, போறதுக்குத்தாங்க ரெண்டு மணி நேரம். திரும்பி வரணும்னா இங்க விசா குடுக்கணும், லேசுல குடுக்க மாட்டாங்க. எங்க அக்கா கட்டிக்கிட்டுப் போயி நாலு வருசமாச்சு. அம்மா செத்ததுக்குக்கூட வர முடியல... இத அன்னைக்கே பஸ்ல சொல்லிருக்கணும்."

அம்மாக்கண்ணுவின் முகம் வெளிறியது. சேலையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"அப்பேர்ப்பட்ட சம்பந்தம் எனக்கு வேணாஞ்சாமி..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் நின்றாள். முதலாளி அவனை முறைத்தார்.

"வந்த யேவாரத்தக் கெடுத்துட்டீங்களே! எங்கம்மாவுக்காகவா?" நாகலெட்சுமியின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லீங்க..." பட்டை மடித்தான், மடிப்பு சரியாக விழவில்லை. "எனக்காகத்தான். அன்னைலேருந்து ஞாயித்துக்கெழமைல நான் நோர்வூட்ல எறங்குறதில்ல. மஸ்கெலியா வரைக்கும் வந்துட்டு, அதே பஸ்ல திரும்பிருவேன்."

"எதுக்கு?"

"வழியில எங்கயாச்சும் நீங்க ஏறுவீங்களோன்னு..."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் நிமிர்ந்து, முதல்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"இந்த ஞாயிறு அப்படியே திரும்பிராதீங்க. மஸ்கெலியாவுல எறங்கி எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வாங்க... நான் அம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"மலையில நின்னு ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டிருந்தது... ஒங்களத்தான்னு."