முன்னுக்கு நின்ற பெயர்

திங்கட்கிழமை. காலை 7.10.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் அந்த லொட்ஜ் இருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய வீட்டுக்காரி நாலாம் அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளினாள். தாழ்ப்பாள் போடாமலே இருந்தது.

கணித விரிவுரையாளர் அடைக்கலநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் கிடந்தான். வயது முப்பத்துநாலு. உடம்பு குளிர்ந்து விறைத்துவிட்டது.

மேசையில் அடியில் மண்டி தங்கிய ஒரு கோப்பை. பக்கத்தில் நாலைந்து நச்சு அலரிக்கொட்டைக் கோதுகள். தட்டச்சுப்பொறியில் செருகியபடியே ஒரு தாள். அதில் இங்கிலிசில் மூன்று வரிகள் இருந்தன. கையெழுத்து இல்லை.

‘பிறருடைய உழைப்புக்கு முன்னால் என் பெயரைப் போட்டேன். உழைத்தவர்களை இரண்டாவதாக நிறுத்தினேன். இந்தப் பாவத்தை இனிச் சுமக்க முடியாது.’

அது 1992 ஐப்பசி. போரில் பொலிஸ் நிலையங்கள் பூட்டிக் கிடந்த காலம். செத்தவனுக்குக் காரணம் எழுதுகிற வேலை மரண விசாரணை அதிகாரி ஜெபரட்ணத்தின் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நல்ல மனுசன்தான், ஆனால் அவசரக்காரன். ஏழரைக்கு வந்தார், பார்த்தார், அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். பத்திரத்தில் ‘தற்கொலை’ என்று எழுதப் பேனையைத் திறந்தவர், தாளில் இருந்த விசயம் விளங்காமல் பேனையை மூடினார். ஆராய்ச்சிக் கட்டுரைக்காரரின் பாவ புண்ணியம் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்திக்கு ஆள் அனுப்பினார்.

8.40.

வினிபிரட் சைக்கிளில் வந்து இறங்கினாள். உடுப்பிட்டிக்காரி, ஐம்பத்தொரு வயது. பல்கலைக்கழக வளாக நூலகத்தின் ஆய்வுச் சஞ்சிகைப் பகுதி இருபத்தாறு வருஷமாக அவள் கையில். எந்தத் துறைக்காரன் எதை எப்படி எழுதுவான், எதற்குச் சண்டை பிடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதை ஒன்றும் விடாமல் வாசித்திருந்தாள்.

ஜெபரட்ணம் அறையைத் திறந்துவிட்டார். அவள் தாளை மூன்று தரம் வாசித்தாள். கோப்பையை முகர்ந்தாள். பிறகு அறையின் நாலு மூலையையும் பார்த்தாள்.

"அலரிக்கொட்டை. யாழ்ப்பாணத்திலை இதுக்கு மேலை விளக்கம் வேணுமே?" என்றார் ஜெபரட்ணம்.

"கோது கிடக்கு. அரைச்ச அம்மி எங்கை அண்ணை?"

"குசினியிலை இருக்குமாக்கும்."

"குசினி நேற்று விடியத்தொடக்கம் பூட்டு. வீட்டுக்காரி இப்பதான் வந்தவ. மற்ற அறைப் பெடியளும் பொம்பர் பிளேனுக்குப் பயந்து ஊருக்குப் போயிட்டாங்கள். இந்த அறையிலை ஒரு கல்லுக்கூட இல்லை."

"கோதாரி!" என்றார் ஜெபரட்ணம்.

மேசை இழுப்பறைக்குள் ஒரு கோப்பு இருந்தது. அதில் அச்சுக்கு ஆயத்தமான மூன்று கட்டுரைகள். இங்கிலிசில்தான், ஆனால் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் தட்டச்சுச் செய்திருந்தது. பொருளாதாரத் தடைக்குள் வேறு தாள் ஏது? கணக்குத் தெரியாத துறைகளெல்லாம் கணக்குப் பார்க்க அடைக்கலநாதனிடம்தான் வரும். தோம்பு எனும் பழைய காணிப் பதிவேடுகள் பற்றி ஒன்று, வரலாற்று விரிவுரையாளர் மார்க்கண்டுவோடு. புத்தூர்த் தோட்டங்களின் மண் பற்றி ஒன்று, இரசாயனத் துறைத் தலைவர் கமலாவதியோடு. நெருப்புக்காய்ச்சல் எனும் டைபாய்டு பற்றி ஒன்று, மருத்துவ விரிவுரையாளர் செபநாயகத்தோடு. மூன்றிலும் அடைக்கலநாதனின் பெயர்தான் முன்னுக்கு நின்றது.

"பார்த்தீங்களே, தாளிலை இருக்கிறது சரிதானே? இவன் முன்னுக்கு நிண்டவன்தான்," என்றார் ஜெபரட்ணம்.

வினிபிரட் தாள்களைச் சீராக அடுக்கினாள். கோப்பைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தாள். அறை மறுபடி பூட்டப்பட்டது.

9.30.

குருநகரிலிருந்து தாய் மரியநாயகி வந்தாள். கூட்டிவந்தவன் செபநாயகம். இறந்தவனும் அவனும் ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம். கிழவியை முற்றத்து வாங்கில் இருத்தி, செம்பில் தண்ணீர் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மரியநாயகி வினிபிரட்டின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, பெட்டியைக் கோயிலுக்குள்ளை விடமாட்டினமாம். தானாச் செத்தவன் எண்டு பத்திரத்திலை இருந்தால் சேமக்காலையிலை புதைக்கிறதும் மதிலோரந்தானாம். என்ரை பிள்ளை பூசை தவறவிடாதவன். அவன் அப்பிடிச் செய்யமாட்டான். ஒருக்காப் பாருங்கோ ராசாத்தி."

அடக்கம் நாலு மணிக்கு. அதற்குமேல் உடம்பை வைத்திருக்க வழியில்லை. "ரண்டு மணிக்கு நான் கையெழுத்துப் போடவேணும் வினிபிரட்," என்றார் ஜெபரட்ணம். "அதுக்குள்ளை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ."

தூரத்தில் ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டது. முற்றத்தில் நின்ற எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

10.15. மார்க்கண்டு. விறாந்தையில் வைத்து வினிபிரட் ஒவ்வொருவராக விசாரித்தாள்.

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"போன புதன். சண்டை பிடிச்சனான். மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"எதுக்குச் சண்டை?"

"அவன்ரை பேரை என்ரை கட்டுரையிலை இருந்து வெட்டச் சொல்லி. வரலாறு எண்டால் தனிய இருந்து செய்யிற வேலை பாருங்கோ. ரண்டு பேர் சேத்துப் போடுறது கலியாண அழைப்பிதழிலைதான். ரண்டு அட்டவணை போட்டுத் தந்ததுக்கு நன்றி எண்டு அடியிலை ஒரு வரி. அவ்வளவுதான் முறை."

"அவர் என்ன சொன்னவர்?"

"சிரிச்சான். வெட்டுங்கோ மாஸ்டர், எனக்கொண்டுமில்லை எண்டான்." மார்க்கண்டுவின் குரல் இறங்கியது. "அப்பிடிச் சிரிச்சவன் நஞ்சு குடிப்பானே?"

10.40. கமலாவதி.

"உங்கடை பேர் கடைசியிலை நிக்குது. கோவமில்லையோ?"

"கோவமோ? கடைசியிலை நிக்கிறதுதான் ஆய்வுகூடத்துக்குத் தலைவி. முன்னுக்கு நிக்கிறது கை, கடைசியிலை நிக்கிறது தலை. என்னை முன்னுக்குப் போட்டிருந்தால்தான் அவனை ஏசியிருப்பன்."

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"வியாழன். மேல் காயுது எண்டான். டொக்டரிட்டைப் போடா எண்டனான்."

11.05. செபநாயகம்.

கிழவியின் பக்கத்திலிருந்து எழும்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. மூன்று வருஷமாக அவன் வலிகாமத்தின் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, யார் வீட்டில் காய்ச்சல், எந்தக் கிணற்றில் தண்ணீர் என்று எழுதியவன். அந்த ஆய்வை நம்பித்தான் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தான். செவ்வாய்க்கிழமைத் தபால் பையில் கட்டுரை கப்பலேற வேண்டும்.

"கடைசியா எப்ப கண்டனீங்கள் டொக்டர்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். பிறகு காணேல்லை. எனக்குக் கிளினிக்."

"இண்டைக்கு அறைக்குள்ளை போனனீங்களோ?"

"இல்லை மிஸ். அம்மாவோடை முற்றத்திலையே நிக்கிறன். போய்ப் பாக்க மனம் வரேல்லை."

"கட்டுரையைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?"

"வெள்ளிக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. ‘கிணறும் நெருப்புக்காய்ச்சலும்’ எங்கடை ரண்டு பேரின்ரையும் பிள்ளை மாதிரி. பேர் எதிலை நிண்டாலும் எனக்குப் பெரிசில்லை. செத்தவனோடை என்ன கணக்கு?"

"ஓம், ஓம்," என்றாள் வினிபிரட். "போய் அம்மாவைப் பாருங்கோ."

11.50.

இரண்டு ஒழுங்கை தள்ளி இராசமலரின் வீடு. வளாகத்து ஆய்வாளர் பாதிப்பேருக்குத் தட்டச்சு செய்பவள் அவள்தான். காய்ந்துபோன ரிப்பனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், வினிபிரட்டைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"நேற்றுப் பின்னேரம் இதிலைதான் நிண்டவர் மிஸ். காய்ச்சலோடை நடுங்கிக்கொண்டு நிண்டவர். படுக்கச் சொன்னன், கேக்கேல்லை."

"எத்தினை மணிக்கு?"

"மூண்டுக்கு வந்தவர், நாலுக்குப் போனவர். அறையிலை இருக்கிற மெசினிலை அவர் ஒரு விரலாலைதான் குத்துவார், அச்சுக்குப் போறதெல்லாம் என்னட்டைத்தான் வரும். காய்ச்சல் கட்டுரையின்ரை முதற் பக்கத்தைத் திரும்ப அடிப்பிச்சவர். ‘வலிகாமத்தில் நோய்ப் பரவல்’ எண்டுதான் தலைப்பு இருந்தது. உது செத்த தலைப்பு, ஒருத்தரும் வாசியாங்கள் எண்டு இதிலை நிண்டபடி யோசிச்சு மாத்தினவர். ‘கிணறும் நெருப்புக்காய்ச்சலும்’."

"பழைய பக்கத்திலை பேர் இருந்ததோ?"

"இல்லை. தலைப்பு மட்டுந்தான். பேரும் நேற்றுத்தான் போட்டது."

"எல்லாப் பக்கத்தையும் கொண்டு போயிட்டாரோ?"

"கடைசிப் பக்கம் என்னட்டை இருக்கு. ரிப்பன் நிண்டுபோச்சு. நாளைக்குத் தாறன் எண்டனான்."

அடைக்கலநாதனின் கையெழுத்தில் அரைப் பக்கம். வினிபிரட் நின்றபடியே வாசித்தாள். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

1.20.

லொட்ஜின் விறாந்தையில் விசாரிக்கப்பட்ட மூவரும் ஜெபரட்ணமும் இருந்தார்கள். ஜெபரட்ணத்தின் மடியில் இன்னும் எழுதாத பத்திரம். முற்றத்தில் மரியநாயகி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது தற்கொலை இல்லை," என்றாள் வினிபிரட். "ஒண்டு, அரைச்ச கல்லு இந்த வீட்டிலை இல்லை. வேறை இடத்திலை அரைச்சுக் கொண்டுவந்திருக்கு. குமட்டுற கசப்பை ஒருத்தன் கேள்வி கேக்காமல் குடிக்கிறான் எண்டால், அது காய்ச்சல் மருந்து எண்டு நம்பித்தான். நம்பின ஒராள்தான் குடுத்திருக்கு."

"ரண்டாவது?" என்றார் ஜெபரட்ணம்.

"ரண்டாவது, உந்தத் தாள். பேரை முன்னுக்குப் போட்டது பாவமாம். அண்ணை, கணக்குக்காரருக்குப் பேர் வரிசை எண்டு ஒரு விசயமே இல்லை. எத்தினை பேர் எழுதினாலும் அகரவரிசைதான். உலகம் முழுக்க அவையின்ரை வழக்கம் அது. பள்ளிக்கூட வரவு இடாப்பிலை முதற்பேர் எண்டதுக்காக ஒருத்தன் நஞ்சு குடிப்பானே? உதை எழுதினது கணக்குக்காரன் இல்லை. முன்னுக்கு நிக்கிற பேருக்காக உயிரை விடுற ஒரு துறைக்காரன்."

வினிபிரட் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மார்க்கண்டு மாஸ்டருக்கு வரிசையிலை கோவமில்லை, ரண்டாவது பேர் இருக்கிறதிலைதான் கோவம். கமலாவதிக்குக் கடைசி இடம் சிம்மாசனம். மிச்சம் மருத்துவம். அங்கை பதவியும் புலமைப்பரிசிலும் முதற்பேருக்குத்தான். ரண்டாவதா நிண்டால் ஏனெண்டும் கேளாங்கள்." அவள் திரும்பினாள். "டொக்டர், ‘கிணறும் நெருப்புக்காய்ச்சலும்’ எண்ட தலைப்பு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

செபநாயகம் நிமிர்ந்தான்.

"அந்தத் தலைப்பு பிறந்ததே நேற்று மூண்டு மணிக்குப் பிறகு. வெள்ளிக்குப் பிறகு நீங்கள் அவரோடை கதைக்கேல்லை. இண்டைக்கு அறைக்குள்ளையும் போகேல்லை. அந்தப் பக்கம் பூட்டின அறைக்குள்ளை கிடக்கு, திறப்பு அண்ணையின்ரை சட்டைப்பையிலை."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி சும்மாவா சொல்கிறது? செபநாயகம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நாலரைக்கு வந்திருப்பீங்கள், காய்ச்சல்காரனைப் பாக்க. மேசையிலை அந்தப் பக்கத்தைக் கண்டனீங்கள். மருந்து கொண்டுவாறன் எண்டு போட்டுப் பொழுது படுறதுக்குள்ளை திரும்ப வந்தனீங்கள். சரியோ?"

"மூண்டு வருஷம் நடந்தனான்!" செபநாயகம் கத்தினான். "வெய்யிலிலை, ஷெல்லடிக்குள்ளை, வீடு வீடா! அவன் கட்டிலிலை இருந்து கூட்டிக் கழிச்சவன். தன்ரை பேரை முன்னுக்குப் போட்டிட்டான். தின்ன வந்தவன் இலையையும் கொண்டுபோன மாதிரி! என்னட்டை ஒரு வார்த்தை கேட்டானா?"

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள் வினிபிரட். அவளுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தை அவன் மடியில் வைத்தாள். "வாசியுங்கோ. வாய்விட்டு வாசியுங்கோ."

அவன் வாசிக்கவில்லை. வினிபிரட்டே தமிழில் சொன்னாள்.

"‘பெயர்கள் அகரவரிசையில் உள்ளன. இந்த ஆய்வின் உழைப்பு முழுவதும் செபநாயகத்தினது. நான் செய்தது கணக்கு மட்டுமே. இதைத் தமது பட்டத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் தமது சொந்த ஆய்வாகப் பயன்படுத்த அவருக்கே முழு உரிமை.’ நேற்று எழுதினது. ரிப்பன் முடிஞ்சதாலை அடிபடேல்லை. இது மேசையிலை இருந்திருந்தால் அவன் இண்டைக்கு உயிரோடை இருப்பான்."

செபநாயகம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முற்றத்தைப் பார்த்தான். மரியநாயகி அவனைப் பார்த்துக் கையைக் காட்டி, "செபம், தண்ணி கொஞ்சம் தாவன் அப்பு," என்றாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டான்.

ஜெபரட்ணம் பத்திரத்தில் ‘கொலை’ என்று எழுதினார். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். மூன்று மணிக்கு இயக்கத்தின் வான் ஒன்று வந்து செபநாயகத்தை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று லொட்ஜில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் இல்லை.

4.00.

பெட்டி கோயிலுக்குள் போனது. மணி அடித்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மரியநாயகிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. அவள் அழவில்லை. வினிபிரட்டின் கையிலிருந்த கடித உறையைக் காட்டினாள். நாளைய தபால் பைக்குப் போகவேண்டிய கட்டுரை. கடைசிப் பக்கத்தையும் இராசமலர் எப்படியோ அடித்து முடித்திருந்தாள்.

"ரண்டு பேரின்ரை பேரும் உதிலை இருக்கோ?"

"ஓம் அம்மா. அவர் போட்டபடியே விட்டிருக்கிறன்."

"என்ரை பிள்ளையின்ரை பேர் எது?"

வினிபிரட் முதற் பக்கத்தை வெளியே எடுத்து விரலால் காட்டினாள். எழுத்துத் தெரியாத கிழவி அதைத் தடவிப் பார்த்தாள்.

"முன்னுக்கு நிக்குது. அவன் கெட்டிக்காரன் எண்டபடியாலோ?"

"இல்லை அம்மா. நீங்கள் அவருக்கு வைச்ச பேர் அகரத்திலை துவங்குது. அதாலைதான்."

மரியநாயகி அந்த முதல் எழுத்தில் மறுபடி விரலை வைத்தாள். "அடைக்கல மாதாவுக்கு நேர்ந்து நான்தான் வைச்ச பேர்," என்றாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேமக்காலைப் பக்கம் நடந்தாள்.