பாதியில் சிக்கிய சாவி

நாலு மணிக்கு வண்டியோடு போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வேண்டிய ஒரு மனிதன், மூன்றேகாலுக்கு அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கடலூர் முதுநகரில் விருத்தாம்பாளின் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தான். பெயர் ஜாபிர், ஊர் பரங்கிப்பேட்டை. நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யம்மா, பங்க்குல பெட்ரோல் போட்டுட்டு சாவியப் போட்டேன். பாதியில மாட்டிக்கிச்சு. திரும்பவும் மாட்டேங்குது, வெளிய வரவும் மாட்டேங்குது. அரை மணியில சரி பண்ணிக் குடுத்துடுங்க, புண்ணியமா போவும்."

வண்டி வயரிங்கில் தீராத கோளாறு என்றால் சிதம்பரத்திலிருந்துகூட விருத்தாம்பாளைத் தேடி வருவார்கள். ஐம்பத்து மூன்று வயது. அளந்துதான் பேசுவார். அவருக்கும் சேர்த்துப் பேச மருமகன் அன்புமணி இருந்தார். எந்த வண்டியையும் பார்த்த மாத்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் மனுஷன். அது தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

"ஃபியூஸ் போயிருக்கும் அத்தே!" என்றார் அன்புமணி.

"ஃபியூஸ் போனா சாவி ஏன் மாப்ள மாட்டிக்கப் போவுது?"

"அப்ப டூப்ளிகேட் சாவி. கொஞ்சம் ஸ்ப்ரே அடிச்சு, கட்டிங் பிளேயரால ஒரு திருகு திருகினா..."

"மாப்ள, நீங்க செத்த நேரம் கைய கட்டிக்கினு நில்லுங்க."

விருத்தாம்பாள் டார்ச்சை எடுத்துக் குனிந்து பார்த்தார். வண்டி பழையது, இக்னிஷன் சுவிட்ச் மட்டும் புதுசாகப் பளபளத்தது. பாதி நுழைந்து நின்ற சாவியின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்த சுவிட்ச்ச எப்ப மாத்தினீங்க?"

"ஆயுத பூஜைக்கு முந்தின நாளும்மா. ஹேண்டில ஒடிச்சாலே இஞ்சின் ஆஃப் ஆயிடும். உள்ள வயர் போயிடுச்சு, புதுசே போட்டுடலாம்னு சிதம்பரத்துல மெக்கானிக் கதிர்வேல் அண்ணன் சொன்னாரு. காலையில வண்டிய விட்டேன். பூஜை முடிஞ்சு மூணு நாள் கழிச்சுத்தான் போயி எடுத்தேன். அதுலதாம்மா எனக்கு வினையே!"

ஜாபிர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து மடமடவென்று கொட்டித் தீர்த்தான். ஆயுத பூஜையன்று மத்தியானம், இதே முதுநகரில், இந்த நம்பர் வண்டி மங்கலம் என்ற பூக்காரம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஹெல்மெட் போட்டிருந்தவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே வண்டியை ஜாபிரிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கதிர்வேல் போலீசில் சொல்லியிருக்கிறார். ஆதாரமாக, வேலை விவரமும் தேதியும் எழுதும் ஜாப் கார்டில் ஜாபிரின் கையெழுத்தும் இருக்கிறது.

"கையெழுத்து எப்படிப்பா வந்துச்சு?" என்றார் அன்புமணி, போலீஸ்காரர் தோரணையில்.

"வண்டி விடும்போதே விட்டதுக்கும் எடுத்ததுக்கும் சேத்து வாங்கிடுவாருண்ணே. எல்லார்கிட்டயும் அப்படித்தான். தேதிய அவரு எழுதிக்குவாரு. நாலு வருஷப் பழக்கம், நான் என்னாத்தக் கண்டேன்?"

வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலைக்காக மஸ்கட்டுக்கு விமானம். கேஸ் விழுந்தால் பயணம் நின்றுவிடும், விசாவும் போய்விடும். மனைவி மெஹ்ரீன் ஏழு மாத கர்ப்பிணி. பூஜை அன்று அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஜாபிர் தனியாக வீட்டில் படுத்துக் கிடந்தான், சாட்சி சொல்ல ஆளில்லை.

"வண்டி கைக்கு வரும்போது எப்படி இருந்துச்சு?" என்று விருத்தாம்பாள் கேட்டார்.

"சும்மா சொல்லக் கூடாது, புதுசாட்டம் இருந்துச்சு. வாட்டர் வாஷ் பண்ணி, அதுக்குக் காசுகூட வேணாம்னுட்டாரு. நாலு வருஷத்துல அதான் மொத தடவ. சாவி மட்டும் அன்னிலேருந்தே டைட்டு."

"நடுவுல வேற யாருக்காவது வண்டியக் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. தெருவத் தாண்டல, வீட்டுக்குள்ளயேதான் நின்னுச்சு."

விருத்தாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டார். "இத நான் இப்ப திறக்க மாட்டேன்."

ஜாபிர் பதறி எழுந்தான். "யம்மா, நாலு மணிக்கு வண்டி போவலைன்னா நான் ஓடிட்டேன்னு எழுதிடுவாங்க!"

"ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. வண்டி இங்க நிக்குது, வந்து பாருங்கன்னு சொல்லுங்க. கதிர்வேலும் வராரா?"

"அவரையும் நாலு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப அவரையும் இங்கயே வரச் சொல்லுங்க."

அந்தக் கடைக்கு ஒரே வாசல். ஆள் தப்பிவிடப் போகிறான் என்ற நினைப்பில் அன்புமணி அதை மறித்து நின்றுகொண்டார். உள்ளே ஜாபிர் வாசலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். ஓடினால் குற்றவாளி, ஓடாவிட்டாலும் குற்றவாளி! இந்த அம்மாவும் சேர்ந்துகொண்டு தன்னைப் பிடித்துக் கொடுக்கிறார்களோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. சாவியைப் பிடித்து இன்னொரு தரம் திருகப் போனான்.

"தொடாதீங்க!" என்றார் விருத்தாம்பாள். அன்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான்.

சப்-இன்ஸ்பெக்டர் எழிலரசி ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். பின்னாலேயே கதிர்வேல் தன் பைக்கில் மச்சான் இளவரசுவை உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜாப் கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். விருத்தாம்பாள் உறை வழியாகவே அதை ஒருமுறை படித்துக்கொண்டார். ஜாபிர் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க," என்ற விருத்தாம்பாள் கதிர்வேலிடம் திரும்பினார். "என்னா கதிர்வேலு, இந்த வருஷம் கடையில பூஜையெல்லாம் ஜோரா?"

தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கும் கேள்வி. கதிர்வேலின் முகம் மலர்ந்துவிட்டது. "நமக்கு அதுல கொறையே வெக்க மாட்டேன்க்கா. காலையில பத்தரைக்கு நல்ல நேரம். எல்லாரும் ஹெட்லைட்டுக்குப் பொட்டு வெப்பாங்க, நான் சாவி போடற ஓட்டைக்குத்தான் சந்தனம் அப்புவேன். வண்டிக்கு உசிரே அங்கதானக்கா? கடையில நிக்கற ஒரு வண்டிய விடமாட்டேன், ரிப்பேருக்கு வந்ததா இருந்தாலும் சரி."

"முந்தின நாள் டெலிவரி எடுக்கறவங்களுக்கும் வெச்சுதான் அனுப்புவீங்களா?"

"சேச்சே, சந்தனம் கரைக்கறதே பூஜை அன்னிக்குக் காலையிலதான்!"

விருத்தாம்பாள் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். கான்ஸ்டபிள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பக்க மூடி கழன்றது, போல்ட்டுகள் கழன்றன, சாவியோடு சுவிட்ச் கைக்கு வந்தது. வெள்ளைத்தாளின் மேல் அதைக் கவிழ்த்து மெல்லத் தட்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது, நடுவில் சிவப்பாகக் குங்குமம். கடைக்குள் சந்தன வாசனை லேசாக எழுந்தது.

கதிர்வேல் ஜாப் கார்டு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சந்தனம் உள்ள போயி கெட்டியா காஞ்சதாலதான் சாவி மாட்டிக்கிச்சு மேடம்," என்றார் விருத்தாம்பாள். "இவரு வீட்டுல யாரும் வண்டிக்குப் பொட்டு வெக்கறவங்க கெடையாது. வண்டிய வேற யாருக்கும் குடுக்கவுமில்ல. அப்ப இது எங்க, என்னைக்கு வெச்சது?"

"அது... அது போன வருஷத்துதா இருக்கும்," என்றார் கதிர்வேல்.

"போன வருஷம் இந்த சுவிட்சே கெடையாதே. பூஜைக்கு முந்தின நாள் புது சுவிட்ச் போட்டதா உங்க கார்டுலயே எழுதியிருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே வண்டி போயிடுச்சுன்னா, மறுநாள் காலையில கரைச்ச சந்தனம் இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

எழிலரசி புருவத்தை உயர்த்தினார். "வேற யாராவது தெருவுல வெச்சிருக்கலாம்லம்மா?"

"வெச்சிருந்தா ஹெட்லைட்டுல இருக்கும், மீட்டர்ல இருக்கும். ஓட்டைக்குள்ள அப்பற பழக்கம் யாருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. வாசல்ல அவரு வண்டி நிக்குது, பாருங்க."

அன்புமணி ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் குனிந்தார். "ஆமா மேடம்! சாவி ஓட்டையச் சுத்தி அதே மஞ்சள்! நான் அப்பவே நெனச்சேன்!"

"நீங்க ஃபியூஸுன்னு நெனச்சீங்க மாப்ள," என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் தொடர்ந்தார். "வெளிய இருந்த பொட்டு போவணும்னுதான் ஓசியில வாட்டர் வாஷ். உள்ள போனது தண்ணிக்கு வரல."

கதிர்வேல் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இளவரசு உடைந்துபோனான்.

"போதும் மாமா! மேடம், நான்தான். எங்க பெரியம்மா வீடு இங்க முதுநகர்லதான் இருக்குது. பூஜை பொரியும் சுண்டலும் குடுத்துட்டு வரலாம்னு கடையில நின்ன வண்டிய எடுத்தேன். அந்தம்மா கூடையோட ரோட்டத் தாண்டினாங்க, பிரேக் புடிக்கறதுக்குள்ள... பயத்துல நிக்காம போயிட்டேன்."

"அடுத்த மாசம் இவனுக்குக் கல்யாணம் மேடம்," என்றார் கதிர்வேல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஜாபிரு எப்படியும் வெளிநாடு போறவன். போலீசு தேடறதுக்குள்ள பிளைட் ஏறிடுவான், யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆவாதாண்ணே?" என்றான் ஜாபிர். "காலையிலேர்ந்து செத்துச் செத்துப் பொழைக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவாதா?"

எழிலரசி ஜாப் கார்டை வாங்கித் தன் கோப்பில் வைத்தார், சந்தனத்தூளை மடித்து உறையில் போடச் சொன்னார். பிறகு ஜாபிரைப் பார்த்து, "வண்டி எங்ககிட்ட இருக்கட்டும். இன்னிக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புப்பா. வெள்ளிக்கிழமை நீ தாராளமா போலாம்," என்றார்.

ஜாபிர் விருத்தாம்பாளைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் கூச்சத்தோடு, "மொதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க, அந்தப் பொண்ணு தவிச்சுக் கெடக்கும்," என்றார்.

வாசலுக்கு வந்து மெஹ்ரீனை அழைத்தான். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே எடுத்துவிட்டாள்.

"என்னங்க? புடிச்சு வெச்சுட்டாங்களா?"

"இல்ல, இல்ல. எல்லாம் முடிஞ்சுது. நான் இல்லன்னு ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை போலாம்னு மேடமே சொல்லிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அழுதாள். திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். ஜாபிருக்கும் கண்ணில் நீர் முட்டியது. மெல்ல அவள் அழுகை அடங்கியது.

"அப்ப... நாளை மறுநாள் போயிடுவீங்களா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து இந்த விடுதலைக்காகத்தான் அவள் தொழுதுகொண்டிருந்தாள். அவனும் வேண்டியது அதைத்தான்.

"கொழந்த பொறக்கற நேரத்துக்கு லீவு தருவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்," என்றான் ஜாபிர்.

தர மாட்டார்கள். அது இருவருக்குமே தெரியும்.