இரைச்சல் அடக்கும் பொத்தான்

சுங்கை லாலாங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்தப் பழைய வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து இறங்கிய அன்று, ஃபெலிசியா பெட்டியை வைக்க இடம் தேடினாள். அலமாரி முழுக்கக் கேசட்டுகள். எல்லாம் முதல் மனைவி ஜெனவீவ் பாடியவை. பாடியவள் செத்து ஆறு வருடமாகிறது.

அமலன் நல்ல மனிதன்தான். குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். ஆனால் பேக்டரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேசட் போடும் டெக் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒரு பொத்தானை அழுத்துவான். 'உஸ்' என்ற இரைச்சல் அடங்கி, ஜெனவீவ் பக்கத்து அறையில் நின்று பாடுவதுபோலக் கேட்கும்.

"பதியறப்ப மெல்லிசான சத்தத்த மெசின் தூக்கிவிட்டுப் பதியும். கேக்கறப்ப அதே அளவு இறக்கும். கூடவே டேப்போட இரைச்சலும் இறங்கிரும் லா," என்று ஒருநாள் விளக்கினான். மூன்று மாதத்தில் அவளிடம் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஃபெலிசியாவுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவள் என்றால் முடியைப் பிடித்து உலுக்கலாம். செத்தவளை என்ன செய்வது?

அழிக்கலாம்.

ஒரு மழை மத்தியானம், அவன் வேலையில் இருந்தபோது, அவனுக்கு உயிரான கேசட்டை எடுத்தாள். மேலே வேறெதுவும் பதியாமலிருக்க உடைத்து வைத்திருந்த மூலைத் துளையைச் செலோடேப் ஒட்டி மூடினாள். இரைச்சல் அடக்கும் பொத்தான் அழுத்தியபடியே இருந்தது. ரெக்கார்டைத் தட்டினாள். டெக்கில் மைக் செருகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பாட்டு போய் வெறுமை பதிகிறது என்று நினைத்தாள். பக்கம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, சக்களத்தி ஒழிந்தாள் என்று ரசித்தாள்.

பிறகு டேப்பைத் திருப்பிச் சுற்றி, போட்டுக் கேட்டாள். ஒரு சத்தமும் தப்பியிருக்கக் கூடாது என்று பொத்தானை விடுவித்தாள்.

தூக்கிப் பதிந்த சின்னச் சத்தமெல்லாம் இறங்காமல் பெரிதாக வந்தது. தகரக் கூரையில் மழை. தலைக்குமேல் சுழலும் காற்றாடி. அவளுடைய மூச்சு.

இன்னொரு மூச்சு.

அவளுடையதைவிட மைக்குக்கு நெருக்கமாக.

வீட்டில் யாரும் பூசாத ஒரு பவுடர் வாசம் வந்தது. டெக்கை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அமலன் ஈரச் சட்டையோடு உள்ளே வந்தான்.

"நான்தாங்க அழிச்சேன். மன்னிச்சிருங்க," என்றாள். வீட்டைவிட்டுத் துரத்திவிடுவான் என்று நடுங்கினாள்.

அவன் கோபப்படவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தான். முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அவளுக்கு அவன் ஒருநாளும் காட்டியதில்லை. அந்தப் பயத்திலும் அவளுக்குப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது.

"ஜெனவீவ்," என்றான் மெதுவாக. "இங்கதான் இருந்தியா?"

"ஆஃப் பண்ணுங்க. பயமா இருக்கு."

"சும்மா இரு லா. ஒன் மூச்சு குறுக்க வருது. அவ சரியா கேக்கல."

அவன் கை பொத்தானுக்குப் போனது.

"வேணாங்க!"

அழுத்தினான்.

மழை அடங்கியது. காற்றாடி அடங்கியது. டேப்பில் ஃபெலிசியாவின் மூச்சும் அடங்கியது.

மற்றது அடங்கவில்லை.

ஃபெலிசியா கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அவள் காதிலேயே அது விழவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கொசுவை விரட்டுவதுபோல அவன் தோளைத் தட்டிக்கொண்டான்.

"இப்ப நல்லா கேக்குது," என்றான்.

"இல்லைங்க," என்றாள் ஜெனவீவ், ஸ்பீக்கரிலிருந்து. "அவ இன்னும் போகல."