கறுக்காத வெள்ளி

செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ஹரிகிருஷ்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பெரிய நஷ்டமில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனையே தெரியாது. டீ என்றால் கலர் வெந்நீர், அவ்வளவுதான்.

"ஹரி... மாமல்லபுரம் பம்பிங் ஸ்டேஷன்ல ஒரு பாடி. சாக்கடைக் கிணத்துக்குள்ள," என்றார் டி.எஸ்.பி.

"நான்தானா சார்?"

"வேற யாரு? உனக்குத்தானய்யா நாத்தம் தெரியாது!"

ஐந்து வருடமாக இதே கதை. அழுகிய பிணம், குப்பைக் கிடங்கு, சாக்கடை... எது வந்தாலும் அவர் தலையில்தான் விடியும். ஒரு மூக்கு போனதற்கு இவ்வளவு தண்டனையா என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

"கவனக்குறைவு கேஸ் ஹரி. ஆபரேட்டர் பொம்பளைய அரெஸ்ட் பண்ணு. மத்தியானத்துக்குள்ள முடி. டூரிஸ்ட் ஊரு... சத்தம் கூடாது!"

பம்பிங் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். கைக்குட்டை, துப்பட்டா, முந்தானை... மூடாத மூக்கு ஒன்றுகூட இல்லை. கான்ஸ்டபிள் பிரதீபா இரண்டு மாஸ்க் போட்டு, அதன் மேல் கர்ச்சீப்பும் வைத்திருந்தாள்.

தரையில் பிணம்.

வெங்கடேசன். ஸ்டேஷனின் சூப்பர்வைசர். நாற்பது வயது. தீயணைப்பு ஆட்கள் கிணற்றுக்குள் ஃபேன் வைத்து ஊதிவிட்டு, கயிறு போட்டு மேலே எடுத்திருந்தார்கள்.

சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் தனகோடி, ஆபரேட்டர். பட்டுப்புடவை கசங்கியிருந்தது. அழுது அழுது ஓய்ந்த முகம்.

"சார், நான் கலையரசன்!" இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர் கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "இங்க நாத்தம் போக்குற மருந்து சப்ளை பண்றவன். கெமிக்கல் கான்ட்ராக்டர்."

"மருந்துன்னா... ஃபினாயிலா?"

"நைட்ரேட் சார். அது உள்ள போய்க்கினே இருந்தா சாக்கடை அழுவாது. நாத்தமும் வராது, விஷவாயுவும் வராது. நின்னுச்சுன்னா முடிஞ்சுது! ஒரு மூச்சு இழுத்தா ஆள் காலி!"

"நின்னுச்சா?"

"நிறுத்திட்டாங்க சார்! இந்தம்மா நேத்து மத்தியானமே செங்கல்பட்டுக்கு, தங்கச்சி பொண்ணு சடங்குக்குப் போயிடுச்சு. விடிகாலைலதான் வந்துது. மருந்த யாரு பார்த்தா? பாவம் வெங்கடேசன்... ராத்திரி மோட்டார் பார்க்க எறங்கிருப்பாரு. வாயு அடிச்சிடுச்சு!"

ஹரிகிருஷ்ணன் தனகோடியைப் பார்த்தார்.

"சடங்குக்குப் போனது நிஜமாம்மா?"

"போனேன் சார். லீவு சொல்லிட்டுத்தான் போனேன். ஆனா மருந்து நிக்கல. டேங்க்க ரொப்பி வெச்சுட்டுப் போனா மிஷினே வுட்டுகினு இருக்கும். மீட்டர் கீது... வந்து பாருங்க சார்."

மீட்டரைப் பார்த்தார். ஒரு மணி நேரம்கூட நிற்காமல் ஓடியிருந்தது!

சரி... இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பெருமூச்சுடன் பிணத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டார். பின்மண்டையில் ஒரு பிளவு.

"விழும்போது படியில இடிச்சிருக்கும்," என்றார் கலையரசன் அவசரமாக.

இன்ஸ்பெக்டர் ஈரச் சட்டையை மேலே தூக்கினார். இடுப்பில் எதுவோ பளிச்சென்றது.

வெள்ளி அரைஞாண். அன்று காலையில்தான் கடையில் வாங்கியது போல வெள்ளை வெளேரென்று!

"ஐயோ..." தனகோடி எழுந்தேவிட்டாள். "சார், அது இன்னா சார் இப்படி வெள்ளையா கீது?"

"வெள்ளி வெள்ளையாத்தானேம்மா இருக்கும்?"

"அந்த வாயுல வெள்ளி நிக்காது சார்! ஆளைக் கொல்ற அளவுக்கு வாயு இருந்தா, விடியறதுக்குள்ள கரிக்கட்டையாட்டம் ஆயிடும்!"

ஹரிகிருஷ்ணன் திரும்பினார். "பிரதீபா, மாஸ்க்க எடு."

"சார்...!"

"எடும்மா. எனக்குத்தான் தெரியாது. நீயாவது மோந்து பாரு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குதா?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாஸ்கை இறக்கி, பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

"இல்ல சார்! சாக்கடை வாடைதான். எங்க தெரு அளவுக்குக்கூட இல்ல!"

இத்தனை பேர் காலையிலிருந்து நிற்கிறார்கள். சாக்கடை என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்களே தவிர, ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை!

"ஃபேன் வெச்சு ஊதிட்டாங்கல்ல சார்..." கலையரசன் குரல் இறங்கியது.

"ஃபேன் வாயுவைத்தான் ஊதும். வெள்ளியை விளக்கி வைக்காது. மருந்து ஓடியிருக்கு. வாயு இல்ல. அப்போ இது விபத்து இல்ல மிஸ்டர் கலையரசன்... கொலை!"

"கொ... கொலையா?"

"இந்த கேட் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"செத்தவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு," என்றாள் தனகோடி. "ட்ரம் எறக்கறதுக்கு இவராண்ட ஒண்ணு."

"நீங்க செங்கல்பட்டுல சடங்கு வீட்டுல இருந்தீங்க. சாட்சி இவரே!" ஹரிகிருஷ்ணன் சோர்வாகச் சிரித்தார். "மீதி ஒரே ஒரு சாவி சார்."

கலையரசனின் கைக்குட்டை கீழே விழுந்தது. நெற்றியில் வியர்வை.

கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்! உண்மையச் சொல்லிடறேன்! அது மருந்தே இல்ல சார்!"

"என்னது?"

"நாலு மாசமா ட்ரம்ல வெறும் உப்புத் தண்ணிதான் சார்! கலர் கலந்து அனுப்பிச்சேன். தப்புதான்... சீட்டிங் கேஸ் போடுங்க, உள்ள போறேன். ஆனா கொலை இல்ல சார்! தண்ணிய ஊத்துனா வாயு எப்படி நிக்கும்? கிணறு பூரா வாயுதான்! விபத்துதான்! அந்த அரைஞாண் டூப்ளிகேட்டா இருக்கும்!"

ஹரிகிருஷ்ணனுக்குத் தலை வலித்தது. கெட்டிக்காரன்! சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரியதிலிருந்து நழுவுகிறான். தண்ணீர்தான் ஓடியது என்றால் வாயு இருந்தது. வாயு இருந்தால் விபத்து. டி.எஸ்.பி.க்கும் அதுதான் வேண்டும்.

ஃபைலை மூட வேண்டியதுதானா?

"அவுரு சொல்றது நெசம்தான் சார்," என்றாள் தனகோடி மெதுவாக. "அவுரு அனுப்பினது தண்ணிதான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாலு மாசத்துக்கு முந்தியே தெரியும். என் கொலுசு கறுத்துப் போச்சு. எங்க வூடும் இந்த சாக்கடை லைன் ஓரம்தான்... நாத்தத்துல ஒருத்தர் வாயிலயும் சோறு எறங்கல. கேட்டா வேலை போயிடும்னு பயம். அதுக்காவ சும்மா இருக்க முடியுமா? திருப்போரூர்ல என் கொழுந்தனாரு தர்பூசணி வெக்கிறாரு. அதுக்கு வுடற உரம் இருக்கே சார், அதுவும் இதே நைட்ரேட்டுதான்! அந்த மூட்டைய வாங்கியாந்து, நானே கரைச்சு டேங்க்ல ஊத்திகினு வரேன்!"

கலையரசன் ஓரடி பின்வாங்கினார்.

அவள் புடவைக் கரையை லேசாகத் தூக்கினாள். கொலுசு பளபளத்தது.

"இது நானே விளக்கினது சார். நாலு மாசமா கறுக்கவே இல்ல. கிணத்துல வாயு ஏது?"

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

அவள் தரையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"முந்தாநேத்து வெங்கடேசன் சாராண்ட சொன்னேன். 'நான் அந்தாளக் கேக்கறேன் தனகோடி'ன்னாரு. நான் சொல்லாம இருந்திருந்தா... அந்த மனுசன் இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரே சார்!"

முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். நல்லது செய்த இரண்டு பேரில் ஒருவர் தரையில் கிடந்தார். இன்னொருத்தி குற்றவாளியைப் போல நின்று அழுதாள்.

"நீங்க கொல்லலம்மா," என்றார். "கேக்க வந்தவர மண்டைல அடிச்சு கிணத்துல தள்ளினவன் இதோ நிக்கிறான்."

கலையரசன் கேட்டைப் பார்த்து ஓடினார். பிரதீபா கால் நீட்டினாள். வெள்ளைச் சட்டை அப்படியே சேற்றில் விழுந்தது!

கிணற்று மூடியைத் தூக்கும் கம்பி, கலையரசனின் வேனிலேயே கிடைத்தது. ரத்தக் கறையோடு.

ஜீப் கிளம்பியபோது பிரதீபா கேட்டாள்.

"மூக்கு நல்லா இருக்கிற எங்க யார் கண்ணுலயும் அந்த அரைஞாண் படலியே சார்... உங்களுக்கு மட்டும் எப்படி?"

"நீங்க எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றார் ஹரிகிருஷ்ணன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியபடி. "செத்தவன் சட்டையத் தூக்கிப் பார்க்க எனக்கு மட்டும்தான்மா ரெண்டு கையும் சும்மா இருந்துச்சு!"