சாயங்காலம் தண்ணீர் ஊற்றாதே!

"அய்யோ... அம்மா! மேல வாங்கம்மா! அய்யா வுழுந்து கெடக்காரு!"

வேலைக்காரி பொன்னாயியின் அலறல் மொட்டை மாடியிலிருந்து தெரு முனை வரைக்கும் கேட்டது.

சமையலறையில் இருந்த வினோதினிக்கும் கேட்டது.

அவள் ஓடவில்லை.

அடுப்பை அணைத்தாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். அதற்குப் பிறகுதான் படியேறினாள்.

பச்சை நிழல்வலைக்குக் கீழே, ஈரத் தரையில் அவள் கணவர் தர்மராஜ் சுருண்டு கிடந்தார். வலது கை போர்வெல் குழாயின் இரும்பு வால்வை இன்னும் பிடித்திருந்தது. இடது கையருகே ரப்பர் ஹோஸ். எதிரே கம்பியில் தொங்கிய ஊதாப் பூக்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தர்மராஜ்!

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓட்டுகிறவர் என்பது பழைய அடையாளம். யூடியூப் பார்க்கிறவர்களுக்கு அவர் 'ஆர்க்கிட் ராஜா'. போன மாதம்தான் பெரம்பலூர் மலர்க் கண்காட்சியில் மேடையேறி, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியிருந்தார்.

நாளைக் காலையில் சானல்காரர்கள் பேட்டி எடுக்க வருவதாக இருந்தது.

ராஜாவின் உதட்டோரம் ஓர் எறும்பு ஏறியது.

வினோதினி பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். காலி டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பது மாதிரி.

சத்தமே இல்லை!

'விபத்து' என்று போலீஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இந்த மாடி, இந்தச் செடிகள், செடிகளால் வரும் பேர்... எல்லாம் அவளுடையது. முதல் முறையாக!

அந்த ஒரு வார்த்தை வராவிட்டால்...?

நினைக்கவே இல்லை அவள்.

இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வி மாடிக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மூச்சிரைக்க ஏட்டு ராசாங்கம்.

"ஷாக்கு மேடம்" என்றார் ராசாங்கம், குனிந்து பார்த்துவிட்டு. "மோட்டார் ஒயரு தோல் போயி பைப்புல ஒட்டிக்கிட்டு நிக்கிது. எலி கடிச்சிருக்கும். ஆளு வேற வெறுங்கால்ல... பூவுக்கு மரியாதையாம், செருப்ப கழட்டிட்டாரு!"

"சும்மா இருங்க ஏட்டய்யா." வெற்றிச்செல்வி திரும்பினாள். "வினோதினி... பொன்னாயி 'வுழுந்து கெடக்காரு'ன்னுதான் கத்தியிருக்கு. நீங்க மெயினை அமத்திட்டு வந்ததா சொல்றீங்க. கரண்டுன்னு எப்படித் தெரியும்?"

"அந்த வால்வு கொஞ்ச நாளா எர்த் அடிக்குது மேடம். இன்னிக்கு காலைலகூட சொன்னேன். அந்தக் குழாயத் தொடாதீங்க... சாயங்காலம் தண்ணி ஊத்தாதீங்கன்னு. பொன்னாயியும் கேட்டுச்சு."

"ஆமாங்கம்மா" என்றாள் பொன்னாயி, மூக்கைச் சிந்தியபடி. "அதுக்கு அய்யா, 'நீ என்ன ஈபி இன்ஜினியரா? போயி சோத்த ஆக்கு'ன்னாரு."

ராசாங்கம் பெருமூச்சு விட்டார்.

"பொண்டாட்டி சொல்றத கேக்குற புருஷன் எங்க வூட்டுலயும் இல்ல மேடம்."

"உங்க வூட்டுல புருஷன் நீங்கதானே?"

"அதத்தான் சொல்றேன்!"

வெற்றிச்செல்வி சிரிக்கவில்லை. பிணத்தைக் கீழே இறக்கச் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் படி திரும்பியதும் தொப்பியைக் கழற்றினாள்.

"ஆக்சிடெண்ட்தான் போல."

வினோதினியின் தோள்கள் அரை அங்குலம் தாழ்ந்தன.

வந்துவிட்டது. அந்த வார்த்தை வந்தேவிட்டது!

"ஒண்ணு கேக்கலாமா? கேஸ் இல்ல, சொந்த விஷயம்" என்றாள் வெற்றிச்செல்வி. "திருச்சியில ஒரு ஆர்க்கிட் வாங்கினேன். கொத்துக் கொத்தா பூ. வூட்டுக்கு வந்து பத்து நாள் தாங்கல. ஏன்?"

வினோதினி நிமிர்ந்தாள்.

இந்த மாடியில் வைத்து இதுவரை யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்விகள் எல்லாம் தர்மராஜிடம் போகும். அவர் உள்ளே வந்து, "ஏய், அந்த வெள்ளப் பூவுக்கு என்ன ஒரம்?" என்பார். வெளியே போய், பாதியை மறந்துவிட்டு, மீதியைத் தப்பாகச் சொல்வார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பாள்.

"எதுல வெச்சீங்க?"

"செம்மண்ல. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன்."

வினோதினி சிரித்துவிட்டாள்! புருஷன் உடம்பு இன்னும் தெருவைத் தாண்டவில்லை.

"கொன்னுட்டீங்களே மேடம்!"

"அப்படியா?"

"வேருக்குக் காத்து வேணுங்க. அடுப்புக்கரி, தேங்கா மட்டை, ஒடைஞ்ச ஓடு... அதுலதான் வெக்கணும். மண்ணு ஆகவே ஆகாது. வாங்கறப்பவும் பூவைப் பாத்து மயங்கக்கூடாது. வேரைப் பாக்கணும். பச்சையா, கெட்டியா இருக்கணும். நம்ம வெயிலுக்கு டென்ட்ரோபியம் வகை தாங்கும், வாண்டா வகை தாங்கும்."

"தண்ணி?"

"காலைல மட்டும். சாயங்காலம் ஊத்தினா குருத்துல நின்னு அழுகிரும். அதுவும் மழைத்தண்ணியா இருக்கணும். நம்ம ஊரு பூமி பூரா சுண்ணாம்பு. போர் தண்ணி பட்டா இலை வெள்ள பூத்துரும், வேர் கருகிரும்."

"காஞ்ச தண்டை வெட்டலாமா?"

"வெட்டலாம். பிளேடை ஒவ்வொரு தடவையும் தீயில காட்டிட்டு வெட்டணும். இல்லாட்டி ஒரு செடியோட நோவு இன்னொண்ணுக்கு ஒட்டிக்கும். எனக்கு அது பழகிப்போச்சு... வெண்டக்கா நறுக்கப் போனாலும் கத்தி தானா அடுப்புக்குப் போயிரும்."

பேசப் பேச அவள் முகம் விரிந்தது. எட்டு வயது குறைந்தவள் போலிருந்தாள்.

"இவ்வளவும் சாருக்குத் தெரியாதா?"

"அவருக்கா?"

அந்த ஒரு சொல்லில் ஒரு கல்யாணம் முழுவதும் இருந்தது.

"அவருக்கு வேர் எது, நார் எதுன்னு தெரியாது மேடம்! நான் ஒண்ணு சொன்னா நேர்மாறா செய்யணும். அது மட்டும் தெரியும். கோப்பை குடுக்கறப்ப செடிக்குப் பேரு என்னன்னு கேட்டாங்க. 'ஃபாரின்'னாரு!"

ராசாங்கம் இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ஒரு செடி தருவீங்களா?" வெற்றிச்செல்வி கேட்டாள்.

"கட்டாயம். வாங்க, அந்தப் பக்கம்..."

"அங்க வேணாம். இது."

வெற்றிச்செல்வியின் விரல், குழாய்க்கு எதிரே சொட்டிக்கொண்டிருந்த ஊதாப் பூவைக் காட்டியது.

வினோதினியின் முகத்திலிருந்து எட்டு வயதும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"அ... அது வேணாம் மேடம். போர் தண்ணி பட்டுருச்சு. தேறாது."

"பரவால்ல. நான் வெச்சா எப்படியும் சாகத்தானே போகுது?"

வெற்றிச்செல்வி இதழைத் தொட்டாள்.

நகத்தால் அழுத்தினாள். கசங்கவில்லை. தண்டைப் பிடித்து இழுத்தாள். தெர்மோகோலிலிருந்து 'ப்ளக்' என்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

பிளாஸ்டிக்!

பக்கத்துத் தொட்டி... பிளாஸ்டிக்! அதற்குப் பக்கத்தில்... பிளாஸ்டிக்!

"ஏட்டய்யா" என்றாள் வெற்றிச்செல்வி மெதுவாக. "ஆர்க்கிட் ராஜா கடைசியா பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்திருக்காரு."

பொன்னாயி உதவி செய்கிற ஆவலில் முன்னால் வந்தாள்.

"இங்க இருந்த நெசச் செடியெல்லாம் காலைல வூட்டம்மா அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. நாந்தான் கூடத் தூக்குனேன். நாளைக்கு ஆளு வருது, அழகுக்கு இது இருக்கட்டும்னாங்க."

"சானல்காரன் வரான்னா நல்ல செடியத்தானே முன்னாடி வெப்பீங்க வினோதினி? எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"

வினோதினி பிடுங்கிய தண்டையே பார்த்தாள்.

"நான் சொல்றேன். இன்னிக்கு இந்த எடத்துல போர் தண்ணி விழும்னு உங்களுக்குத் தெரியும். 'சாயங்காலம் ஊத்தாதீங்க, அந்தக் குழாயத் தொடாதீங்க'ன்னு சாட்சி வெச்சுச் சொன்னீங்க. அப்பதானே அவரு ஊத்துவாரு!"

"இதெல்லாம்... ஊகம் மேடம். ஒயரை எலி கடிச்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஏட்டய்யா, ஒயரை நல்லா பாருங்க."

ராசாங்கம் டார்ச்சை அடித்தார். நிமிர்ந்தபோது அவர் குரலில் கேலி இல்லை.

"நேர் கோடா வெட்டியிருக்கு மேடம். பைப்புல ஒட்டுன பக்கம் மட்டும் கருகியிருந்தா கரண்டுன்னு சொல்லலாம். இது சுத்தி வர, வெட்டு வாய் பூரா உருகியிருக்கு. சூடான பிளேடு!" பிறகு அடக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார். "எந்த ஊரு எலி மேடம் பல்லைத் தீயில காட்டிட்டு கடிக்கும்?"

வினோதினி தன் விரல்களைப் பார்த்தாள்.

காட்டியிருக்கிறாள்! ஒயரை வெட்டுவதற்கு முன் பிளேடைத் தீயில் காட்டியிருக்கிறாள்! ஞாபகமே இல்லை. நோய் தொற்றக்கூடாதாம்... யாருக்கு?

"நேத்து ஒத்திகை பாத்தாரு மேடம்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "நாளைக்குக் கேமரா முன்னாடி என்ன பேசணும்னு. 'என் சம்சாரத்துக்குத் தெரிஞ்ச ஒரே செடி கொத்துமல்லிதான்'னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டாரு. நான் காபி டம்ளரோட நின்னேன். டம்ளரை வாங்கிக்கிட்டு, 'நல்லா இருக்கா?'ன்னு என்னையே கேட்டாரு."

வலைக்கு மேலே சிமெண்ட் லாரிகளின் புழுதி மங்கலாகப் படிந்துகொண்டிருந்தது.

"செடியக் காப்பாத்தத் தோணியிருக்கு" என்றாள் வெற்றிச்செல்வி. "ஆளைக் காப்பாத்தத் தோணலையா?"

"செடி நான் சொன்னதைக் கேட்டுச்சு."

ஜீப்பில் ஏறும்போது வினோதினி பொன்னாயியைக் கூப்பிட்டாள். "காலைல மட்டும் ஊத்து. நீலத் தொட்டியில இருக்கிற மழைத்தண்ணி. குருத்துல படாம... என்ன?" பொன்னாயி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

வாசலில் தர்மராஜின் சொந்தக்காரர்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். ராசாங்கம் ஜீப் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏம்மா, சாருக்கு மலர்வளையம் வெக்கணுமாம். மேல இருக்கிற ஆர்க்கிட்ல நாலு பறிச்சுக்கட்டுமான்னு கேக்கறாங்க."

வினோதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிளாஸ்டிக்கையே வெக்கச் சொல்லுங்க. அவருக்கு வித்தியாசம் தெரியாது!"