ஏலத்தோட்டத்துக்கு ஏற்ற தாளம்

"உங்க பாட்டால எங்க பிஞ்சுக்காயெல்லாம் போச்சுங்க."

போடி கல்லூரி வானொலி அறையின் வாசலில் நின்றவனை, பாட்டு நிகழ்ச்சி நடத்தும் மகாராணி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த சட்டை, முழங்கால் வரை சேறு... கோபத்திலும் சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள்.

பெயர் தங்கபாண்டி என்றான். போடிமெட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்த் தோட்டம். காய் எடுக்கும் பெண்கள் மதியமானால் இவளுடைய நிகழ்ச்சியைத்தான் கேட்பார்களாம். இரண்டு பாட்டுகளைக் கலந்து இவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அவர்களின் கைகளும் வேகமெடுத்து, விளையாத பிஞ்சையும் சேர்த்துப் பறித்துவிடுகின்றனவாம்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து அவன் கேட்டது மட்டும் சுருக்கென்று தைத்தது.

"மத்தவங்க மாதிரி ஒழுங்கா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போட்டா என்ன?"

ஒழுங்காகவா... அவள் மேசையில் இரண்டு இசைத்தட்டுகள் சுழலும். ஒன்று ஊருக்குப் பாடும்போதே மற்றதைக் காதுக்குள் கேட்டு, அதன் விளிம்பை விரல்நுனியால் தொட்டு, துளி தாமதமாக்கி... இரண்டு தாளமும் ஒன்றாய் விழுகிற அந்த நொடியில் அவளுக்கு உடம்பெல்லாம் பூத்துவிடும். இவனுக்கு என்ன தெரியும்?

மறுநாளிலிருந்து ரோஷத்தோடு ஒவ்வொரு பாட்டாகப் போட்டாள். அவளுக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவன் மறுபடி வந்தான். பாட்டெல்லாம் ஏன் இப்படிச் சப்பென்று கிடக்கிறது, அந்தப் பிள்ளையை என்ன சொன்னாய் என்று காய் எடுக்கும் செல்லத்தாய் பிடிபிடியென்று பிடித்துவிட்டாளாம்.

"நாந்தான் தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவன் தலைகுனிந்து சொன்ன விதத்தில் அவள் ரோஷம் கரைந்துபோனது. அவர்கள் எந்த வேகத்தில் காய் எடுப்பார்கள் என்று கேட்டாள். அவன் மேசையில் தட்டிக் காட்டினான். இலையை விலக்கி... பார்த்து... எடுத்து...

அவள் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது முயற்சியில் ஒரு தவில் தாளமும் ஒரு கிடார் மெட்டும் அவன் விரல்களுக்கு அடியில் வந்து கூடின. அவன் தட்டுவதை நிறுத்தினான். பாட்டு நிற்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பின் வியாழன்தோறும் அவனுக்குப் போடியில் ஏதோ ஒரு சோலி இருந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஒலிவாங்கி அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு அவன் மெல்லச் சொன்னான்.

"மேல தோட்டத்துலயே ரேடியோ நல்லாத்தான் கேக்குது... எனக்கு உங்களப் பாத்துக்கிட்டே கேக்கணும். ஆயுசுக்கும்."

தட்டின் மேலிருந்த அவள் விரல் சற்றே அழுந்திவிட்டது. பாட்டு ஒரு நொடி தடுமாறி, தானாகவே தாளத்துக்கு வந்தது.

"எங்கப்பாட்ட வந்து கேளுங்க," என்றாள், தலை நிமிராமல். "வெரசா..."