குட்டி அறையில் இரண்டு மூச்சு

தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் பதித்திருந்த சின்னத் திரையில், குட்டியின் அறைக்குள் இரண்டு புள்ளிகள் இருந்தன.

ஒன்றுதான் இருக்க வேண்டும். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து, ஒருவழியாகக் கண் அசரவைத்து, கட்டிலில் கிடத்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, திருடி மாதிரி நுனிக்காலில் இப்போதுதான் வந்தாள். திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். அந்த ஆள் மூச்சை இழுத்தால் உப்பும், விட்டால் சுருங்கும். குட்டியின் புள்ளி பூனைக்குட்டியின் வயிறு போல வேகவேகமாக உப்பிச் சுருங்கியது. அதை ஒட்டினாற்போல் பெயரில்லாத இன்னொன்று. அது உப்பத் தொடங்கியது. உப்பிக்கொண்டே போனது. சுருங்கட்டும் என்று அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியாமல் விட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் சலசலத்து, கொதித்து, மூடியைத் தட்ட ஆரம்பித்த பிறகுதான் அது அடங்கத் தொடங்கியது.

வீட்டில் இதையெல்லாம் மாட்டிவிட்டுப் போனது அவள் கணவனின் தம்பி. வீடு வீடாகக் கண்காணிப்புக் கருவி மாட்டுவதுதான் அவன் தொழில். சின்ன வயதில் எங்கே ஒயர் கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வருவானாம், அதனால் குடும்பத்தில் அவன் பெயர் ஒயரு. இப்போது மாட்டும் கருவிகளில் ஒயரே கிடையாது, பெயர் மட்டும் போகவில்லை. கணவனுக்கு நடுக்கடலில் எண்ணெய்த் தளத்தில் வேலை. போனால் மாதக்கணக்கில் போனதுதான். புதுக் கட்டடம், பாதி வீடுகளுக்கு இன்னும் ஆள் வரவில்லை, கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள் என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கேமரா மட்டும் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்று, அறைக்கு ஒன்றாகக் கூரையில் வெள்ளை வில்லைகளை ஒட்டினான். அவை பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி, போர்வைக்கு அடியில் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தெரிந்துகொள்கின்றன. ஆட்களின் பெயரைப் பதியும்போது அவளுக்கு விளையாட்டாக ‘அண்ணி’ என்றே பதிந்துவிட்டான். அன்றிலிருந்து வீடும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. *அண்ணி, குட்டி அறையில் புதியவர் ஒருவர் இருக்கிறார். இந்த வீட்டைச் சேர்ந்தவரா?* கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கதவை விரல் கனத்துக்குத் திறந்து பார்த்தாள். கட்டிலில் குட்டி, வாயை லேசாகப் பிளந்தபடி. திரைச்சீலை காற்றில் உப்பி அமுங்கியது. கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறை. வேறு எதுவும் இல்லை. ஒரு வாசனை மட்டும் இருந்தது, பல நாள் மாற்றாத பூஜாடித் தண்ணீர் போல. இந்த வீட்டில் பூஜாடியே கிடையாது.

கூடத்துக்கு வந்து தணிந்த குரலில் ஒயருவைக் கூப்பிட்டாள்.

“தம்பி, குட்டி ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு காட்டுது.”

“ஃபேன் ஓடுதா?”

“ஓடுது.”

“கர்ட்டன் ஆடுதா?”

“ஆடுது.”

“அவ்வளவுதான் அண்ணி. ஆடுறதெல்லாம் அதுக்கு ஆளு. புதுசுல எல்லாத்துக்கும் மிரளும், கல்யாணமான புதுசுல எங்க அண்ணனைப் பாத்து நீங்க மிரண்ட மாதிரி. ஒரு வீட்டுல மீன்தொட்டியக் காட்டி, உள்ள ஒரு கூட்டமே இருக்குன்னு சொல்லிச்சு.”

“இப்ப என்ன பண்றது?”

“ஆமான்னு அழுத்திடுங்க, பழகிடும். இல்லன்னு அழுத்தினீங்கன்னா சங்கு ஊதும், கட்டடமே எந்திரிச்சிடும். அப்புறம் உங்க இஷ்டம்.”

அந்தச் சங்கை அவளுக்குத் தெரியும். மாட்டிய அன்று சோதித்துப் பார்த்தபோது குட்டி வாந்தியெடுக்கும் வரை அழுதாள். இன்னொரு தடவை குட்டியைத் தூங்கவைக்க அவள் உடம்பில் தெம்பில்லை. ஆம் என்று அழுத்தினாள்.

*நல்லது, அண்ணி*, என்றது போன். பெயரில்லாத புள்ளிக்கு அடியில் ‘வீட்டாள்’ என்று எழுத்து வந்தது.

அதன்பிறகு சங்கு ஊதவில்லை, கேள்வி வரவில்லை. வீடு பழகிக்கொண்டது.

யாருக்கு என்ன பிடிக்கும் என்று கற்றுக்கொள்வதுதான் அந்த வீட்டுக்கு வேலை. குட்டிக்குக் கதகதப்பு வேண்டும், அவளுக்கு ராத்திரியில் கண்ணைக் குத்தாத வெளிச்சம் வேண்டும், இதெல்லாம் சொல்லாமலே அதற்குத் தெரியும். இப்போது குட்டியின் அறை குளிரத் தொடங்கியது. ஏசியின் குளிரைக் குறைத்து வைத்துவிட்டுத் திரும்புவாள். மறுபடி உள்ளே போனால் குட்டியின் பாதங்கள் ஜில்லிட்டிருக்கும். திரையில் ஒரு வரி நிற்கும்: *குட்டி அறை, அங்கிருப்பவரின் விருப்பப்படி.* எந்த அங்கிருப்பவர் என்று கேட்க ஒரு பொத்தானும் இல்லை.

புள்ளியை அறைக்குள் கண்டபோதெல்லாம் அவள் திரைச்சீலை மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், குட்டியைக் கூடத்துப் பாயில் விட்டு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நடைவழி விளக்கு தானாக எரிந்தது. யாராவது கடந்தால்தான் அது எரியும். எரிந்தபடி நின்றது. பிறகு அணைந்து, கூடத்து மூலை விளக்கு எரிந்தது. பிறகு அது அணைந்து, பாயின் அருகில் இருந்த விளக்கு. பூஜாடித் தண்ணீர் வாசனை. குட்டி கிலுகிலுப்பையைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து, அவளைத் தாண்டி எதையோ பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் புள்ளி அறையில் குடியிருக்கவில்லை. குட்டி எங்கேயோ, அங்கே இருந்தது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நிஜமாகிவிடும் போல இருந்தது. வீட்டாளின் புள்ளி முன்பு போல் மந்தமாக உப்புவதில்லை. தினம் கொஞ்சம் வேகம் பிடித்திருந்தது. குட்டியின் மூச்சைப் பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகுகிற மாதிரி.

கடைசியில் அவள் போன் செய்து கூப்பிட, மறுநாள் மதியம், கொட்டும் மழையில், ஒயரு பையோடு வந்து நின்றான். குடையை வாசலில் சாய்த்தான்.

“என்ன அண்ணி, பேய் ரிப்பேரா? அதுக்கு வாரண்டி கிடையாதே.”

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவனும் நிறுத்திக்கொண்டான். முக்காலி போட்டு ஏறி வில்லைகளைத் துடைத்தான், கழற்றி மாட்டினான், ஃபேனை நிறுத்தினான், திரைச்சீலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். புள்ளி போகவில்லை. தாடையைச் சொறிந்தான்.

“ஒண்ணு பண்ணலாம். எல்லாரும் வெளிய போய் நிப்போம். மெஷின்ல கோளாறுன்னா ஆளில்லாத வீட்லயும் அந்தப் புள்ளி அங்கேயே இருக்கும். அப்ப மெஷினையே மாத்திடறேன், சரியா?”

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அவன் கதவை இழுத்துச் சாத்தினான். நீண்ட நடை, பூட்டிய கதவுகள், புதுச் சுண்ணாம்பு வாசனை, குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அவன் போனில் வீட்டின் வரைபடத்தைத் திறந்தான். கூடம், சமையலறை, அறைகள். எங்கும் ஒரு புள்ளி இல்லை.

“அப்பாடா. பாத்தீங்களா, காலி.”

“தம்பி.” அவள் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கோளாறா இருந்தா அது உள்ளேயே இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவன் முகத்தில் சிரிப்பு நின்றது நின்றபடி இருந்தது. இருவரும் நடையின் இரு பக்கமும் பார்த்தார்கள். யாருமில்லை. குட்டி மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, தூக்கு என்கிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் திரும்பவே இல்லை. போனில் எதையோ தேடினான்.

“ஒதுக்கி வெச்சிடறேன் அண்ணி. ‘இனி கணக்கில் எடுக்காதே’ன்னு ஒண்ணு இருக்கு. எங்க இருந்தாலும் காட்டாது, லைட்டு போடாது, ஏசி போடாது. இல்லாத மாதிரிதான்.”

“இல்லாத மாதிரியா, இல்லாமலா?”

அவன் அழுத்தினான். கதவைத் திறந்து உள்ளே போனார்கள். திரையில் மூன்று புள்ளிகள்: ஒயரு, அண்ணி, குட்டி. அவ்வளவுதான். அறை மெல்லக் கதகதப்பானது.

“நான் இங்க இருக்கமாட்டேன்” என்றாள்.

“யார் இருக்கச் சொன்னா? பையை எடுத்து வைங்க. பக்கத்துல ஒரு வேலை பாதியில நிக்குது, முடிச்சுட்டு இருட்டுறதுக்குள்ள வண்டியோட வரேன். நம்ம வீட்டுக்குப் போயிடலாம். உங்களைத் தனியா விட்டேன்னு தெரிஞ்சா அண்ணன் கடல்ல நீந்தியே வந்து என்னை உதைப்பாரு.”

அவன் போனதும் குட்டிக்குப் பால் கொடுத்தாள். பாதியிலேயே கண் சொருகிவிட்டது. கட்டிலில் கிடத்தி, கதவை அகலத் திறந்து வைத்து, எதிர் அறையில் பையை நிரப்பினாள். அணையாடைகள், ஜுர மருந்து, இரண்டு போர்வை. மழை ஜன்னலை அறைந்தது. ஒரு வேகத்தில் அலமாரியின் அடித்தட்டில் குனிந்து துணிகளை இழுத்தபோது, முதுகுக்குப் பின்னால் உள்ளங்கைகள் தரையில் பதியும் சத்தம் கேட்டது. பத். பத். பத்.

திரும்பினாள். அறை வாசலில் குட்டி உட்கார்ந்திருந்தாள். கைகளை நீட்டினாள்.

“இறங்கிட்டியா வாலு? எப்படி இறங்கின?”

கட்டிலின் கம்பியை ஏற்றிவிடவில்லை போல. யோசிக்க நேரமில்லை. கீழே வண்டியின் ஹாரன். குழந்தையை வாரித் தோளில் போட்டு, பையை இன்னொரு தோளில் மாட்டி, விளக்கைக்கூட அணைக்காமல் நடந்தாள். குழந்தை அழவில்லை. முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டது. கனத்தது. தூக்கத்தில் கனக்கிற மாதிரி.

வெளிக்கதவின் பிடியைத் திருகினாள். திறக்கவில்லை.

*அண்ணி*, என்றது வீடு. இதமான குரல். *குட்டி தன் அறையில் தூங்குகிறாள். பெரியவர் யாரும் இல்லாமல் அவளை உள்ளே விட்டுப்போக முடியாது.*

குழந்தை உள்ளே இருக்கும்போது வெளியே போய்க் கதவு பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் கணவன் கேட்டு வைத்த ஏற்பாடு அது.

“என்கிட்டதான் இருக்கா” என்றாள், சுவரைப் பார்த்து. “திற.”

*குட்டி தன் அறையில் தூங்குகிறாள்.*

மறுபடி திருகினாள். மறுபடி. வெளியே லிஃப்ட் திறக்கும் சத்தம், ஓட்டமாக வரும் செருப்புச் சத்தம்.

“அண்ணி?” ஒயருவின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம். “திறங்க.”

“திறக்க மாட்டேங்குது. நீங்க போன்ல திறங்க.”

“இருங்க, பாக்கறேன்.” போனைத் தட்டும் சத்தம். “அண்ணி, குட்டியைத் தூக்கிட்டு வாங்க. அதான் பூட்டிருக்கு. ஹால்ல நீங்க மட்டும்தான் இருக்கீங்க.”

“தூக்கிட்டுத்தான் இருக்கேன்.”

வெளியே கதவின் பிடி ஒருமுறை அசைந்து நின்றது.

“தம்பி. தூக்கிட்டுத்தான் நிக்கறேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் மழைச் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அவன் குரல், தணிந்து, கெஞ்சுகிற மாதிரி. “அண்ணி... அசையாதீங்க.”

கழுத்தில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. பூஜாடித் தண்ணீர் வாசனை.

அப்போது நடைவழிக் கோடியில், அறைக்குள்ளிருந்து, குட்டி அழுதாள்.

தூங்கி எழுந்து, பக்கத்தில் யாருமில்லை என்று தெரிந்ததும் அழுகிற அழுகை. எத்தனை குழந்தைகள் சேர்ந்து அழுதாலும் அவள் அதைப் பிரித்து எடுத்துவிடுவாள். அவள் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அந்த அழுகைக்கு.

கால்கள் அந்தப் பக்கம் போகத் துடித்தன. நகர முடியவில்லை. விட முடியவில்லை. அவள் பிடித்திருக்கவில்லை, கைகள் எப்போதோ தளர்ந்து தொங்கியிருந்தன. தோளில் இருந்ததுதான் அவளைப் பிடித்திருந்தது.

குட்டி வீறிட்டாள்.

தோளில் கிடந்தது தலையைத் தூக்கவில்லை. அதன் சின்ன உள்ளங்கை மட்டும் அவள் முதுகை, தூங்கு தூங்கு என்று, மெதுவாகத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.